உறுதிப் பெட்டி திறந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

பழைய காலத்துக் கோடு (நீதிமன்றம்), கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) பற்றி எங்கள் பாடசாலை மண்டபத்தில் வைத்த கண்காட்சி நல்லபடி நடந்து முடிந்தது. கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி.

முதல் நன்றி, காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களை, தந்த குடும்பங்களுக்கு. நம் ஊரில் நகையைக்கூட இரவல் கேட்கலாம், உறுதியைக் கேட்க வாய் வராது. "யாரும் பார்த்துவிட்டு வளவுக்குப் பங்கு கேட்டு வந்தால் என்ன செய்கிறது?" என்று ஓர் ஆச்சி கேட்டார். நியாயமான கேள்விதான். பெயரையும் எல்லை விபரத்தையும் கடதாசியால் மறைத்து வைக்கலாம் என்று வழி சொன்னவர், உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயாவின் கிளாக்கர். அவர் இல்லாவிட்டால் பாதி மேசை வெறுமையாகத்தான் கிடந்திருக்கும். அந்த ஆச்சியின் உறுதி 1978 சூறாவளியில் கூரை பறந்த இரவு நனைந்தது. முத்திரை கரைந்து ஊதாக் கறையாகிவிட்டது. ஓரத்தில் யாரோ வைத்த பெருவிரல் அடையாளம் மட்டும் ரேகை ரேகையாக அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் அதிக நேரம் நின்றார்கள்.

மட்டக்களப்புப் பகுதியின் பழைய சொத்துரிமை வழமையான முக்குவர் சட்டம் பற்றிப் பேசிய சட்டத்தரணி அம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முதுசொம் (பரம்பரையாக வந்த சொத்து) சகோதரியின் பிள்ளைகளுக்கு, தேட்டம் (தானே தேடிய சொத்து) சொந்தப் பிள்ளைகளுக்கு என்ற எங்கள் வழமையை ஆங்கிலேயர் காலத்துக் கோடுகளும் ஏற்று நடந்ததை விளக்கினார். 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு அது செல்லாமற்போனது என்று அவர் சொல்லி முடிக்குமுன்பே, "அப்ப மாமாட வளவு எனக்கில்லையா?" என்று ஒரு பொடியன் எழும்பிவிட்டான். மாமா முன்வரிசையில் இருந்தார்!

மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டைக்குப் பிள்ளைகளை ஏற்றியிறக்கிய வேன்காரத் தம்பிக்கும் நன்றி. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. கச்சேரி நெடுங்காலம் அதற்குள் நடந்ததால்தான் இந்தளவுக்காவது நிற்கிறது என்பது என் எண்ணம். ஆள் புழங்காத கட்டடத்தைக் கறையான்தான் ஆளும். பழைய நீதிமன்றக் கட்டடங்களையும் பூட்டி வைக்காமல் நூதனசாலையாக்குங்கள் என்று கேட்பது அதனால்தான்.

மேசைகளுக்கு மருதமுனைக் கைத்தறித் துணி தந்தவர்களுக்கும், தேத்தண்ணி ஊற்றிய பெற்றோருக்கும் நன்றி.

அப்புறம், இரண்டு தகரப்பெட்டிகள் இன்னும் அதிபர் அறையில் இருக்கின்றன. உரியவர்கள் பற்றுச்சீட்டோடு வந்து, கடதாசிகளை எண்ணிப் பார்த்து எடுத்துச் செல்லவும்.

இப்படிக்கு,
கண்காட்சிப் பொறுப்பாசிரியர்