பிளாட்பெட் பிக்-அப் கேம்பர்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா, புது உறுப்பினர் சேர்க்கை விவரங்கள் சுற்றறிக்கையில் உள்ளன. இந்த அறிக்கை முழுக்க, பிக்-அப் வண்டியின் திறந்த பின்தளத்தில் தங்கிப் பயணிக்கும் கேபின் கட்டும் பட்டறை வேலையைப் பற்றியது.

படுக்கை எங்கே, அடுப்பு எங்கே என்று முதலில் வரைந்துவிட்டு, எடையைக் கடைசியில் பார்ப்பது நம் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து. கேபின் வேலை எடைமேடையில் தொடங்க வேண்டும். டீசல் தொட்டியை நிரப்பி, ஸ்டெப்னியும் ஜாக்கியும் வைத்து, காலி வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோய் மூன்று சீட்டு வாங்குங்கள்: முழு வண்டிக்கு ஒன்று, முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் கையில் இருப்பது. அதிலிருந்து முன்சீட்டில் உட்காரும் இருவருக்கு 150 கிலோவும், தண்ணீர், கேஸ், துணிமணி, சமையல் சாமானுக்கு 200 கிலோவும் எடுத்து வைத்துவிட வேண்டும். மீதியில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடவே கூடாது. பயணம் போகப் போகச் சாமான் சேருமே தவிரக் குறையாது.

எடை எங்கிருந்து ஏறுகிறது என்று பார்ப்போம். 2.5 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் உயரம் உள்ள கேபினுக்குச் சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 20 சதுர மீட்டர். உள்பக்கம் முழுக்க 12 மி.மீ. பிளைவுட் அடித்தால் அதுவே 155 கிலோவைத் தொடும். 4 மி.மீ. அடித்தால் 50 கிலோதான். அலமாரி மாட்டும் இடங்களில் மட்டும் பின்னால் 12 மி.மீ. துண்டு வைத்துக்கொண்டால் போதும், சுவர் முழுக்கத் தடிப்பு தேவையில்லை. கேபின் சட்டத்துக்கு 50 × 25 × 1.6 மி.மீ. இரும்புச் செவ்வகக் குழாய் மீட்டருக்கு 1.8 கிலோ. அதே அளவு அலுமினியம் 0.6 கிலோதான். ஆனாலும் நாங்கள் இரும்பையே சொல்கிறோம். அலுமினியத்தில் வெல்டிங் வைத்த இடத்தின் ஓரம் வலு குறைந்து, மேடுபள்ளப் பாதையில் அங்கேதான் விரிசல் விடும். வழியில் அதை ஒட்டுவதற்கு வேண்டிய டிக் வெல்டிங் எளிதில் கிடைக்காது. இரும்பு என்றால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு எடை என்பதைப் போலவே எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 3 மீட்டர் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 80 கிலோ தொங்கினால் பின் அச்சில் 107 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 27 கிலோ குறையும். பின்கதவில் ஸ்டெப்னி, அதற்குக் கீழே பெட்டி, பக்கத்தில் ஜெனரேட்டர் என்று மாட்டிக்கொண்டே போனால் ஸ்டியரிங் லேசாகிவிடும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்சக்கரம் பிடிக்காது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, ஃப்ரிட்ஜ் மூன்றும் டிரைவர் கேபினை ஒட்டித் தரைமட்டத்தில் இருக்கட்டும். படுக்கை, துணி, பாத்திரம் பின்னால் போகட்டும்.

அடுத்தது, கேபினை வண்டியோடு பிணைக்கும் முறை. விரிசல், தண்ணீர் ஒழுகல், கதவு சிக்கிக்கொள்வது ஆகியவற்றில் பெரும்பாலானவை இங்கிருந்தே பிறக்கின்றன. ஜவ்வாது மலையின் மண்பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முறுக்கிக்கொள்ளும், அப்படி முறுக்கிக்கொள்ளத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மேலே இருக்கும் பெட்டி அப்படி முறுக்காது. நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டினால் அந்த விசை முழுவதும் கேபினின் மூலை வெல்டிங்கிலும் ஜன்னல் ஓரத்திலும் போய் நிற்கும். ஆகவே கேபினைத் தாங்கும் துணைச் சட்டமான சப்-ஃபிரேமின் பின்பக்கம் மட்டும் சேஸிஸில் அசையாமல் இருக்க வேண்டும்: 8 மி.மீ. தகடு, கம்பெனியார் சேஸிஸின் பக்கவாட்டில் விட்டிருக்கும் துளைகளிலேயே 8.8 கிரேடு போல்ட். முன்பக்கம் இரண்டு இடத்தில் ஸ்பிரிங் போட்ட நீள போல்ட். சப்-ஃபிரேம் சேஸிஸை விட்டு 20 முதல் 25 மி.மீ. எழும்பி மறுபடி உட்கார இடம் இருக்க வேண்டும். டிரைவர் கேபின் தன் ரப்பர் மேல் தனியாக ஆடும் என்பதால் இரண்டுக்கும் நடுவே 75 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

சேஸிஸின் மேல்தகடு, கீழ்த்தகடு இரண்டிலும் துளை போடவே கூடாது, வெல்டிங் பொட்டு வைக்கவும் கூடாது. வளையும்போது அதிக இழுவை விழுவது அந்த இரண்டு தகடுகளில்தான். சூடு பட்ட இடமும் துளை போட்ட இடமும் முதலில் கீறும். யூ போல்ட் போடுவதானால் சேஸிஸுக்கு உள்ளே இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் இறுக்க இறுக்கத் தகடு உள்ளே மடங்கும். மரக்கட்டை முட்டு காய்ந்து சுருங்கி யூ போல்ட்டைத் தளர்த்திவிடும், சைலன்சர் பக்கம் இருந்தால் கருகும். சப்-ஃபிரேமில் வெல்டிங் வைக்கும்போதுகூட பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றி, ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். எல்லா நட்டுகளையும் முதல் 100 கி.மீ.யிலும் பிறகு 500 கி.மீ.யிலும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

பிரேக்கைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல பிக்-அப்களில் பின் அச்சுக்கு மேலே ஒரு சிறு வால்வு இருக்கும், எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அது பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் விசை விடும், காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். கேபின் பாரத்துக்காக லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினால் பின்பக்கம் தாழாது. வால்வு வண்டி காலி என்றே எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும், இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் சூடேறி மங்கிவிடும். பட்டை கூட்டியவர்கள் அந்த வால்வின் கம்பியைச் சர்வீஸ் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யாமல் மலை ஏற வேண்டாம். பட்டை கூட்டியதால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை கூடிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்கு வருவோம். கூரைக்கு 40 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஷீட் (வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை), வெளியே வெள்ளை பெயிண்ட், சோலார் பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்றோட இரண்டு அங்குலம். பேனல் சூடேறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடு மின்சாரம் குறையும். கத்திரி வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பேட்டரியில் நேராக ஓடும் 45 லிட்டர் டி.சி. ஃப்ரிட்ஜுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 600 வாட்-மணி, 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் பத்து மணி நேரத்துக்கு 300, விளக்குக்கும் போனுக்கும் 100, ஆக 1,000. 330 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் இதை ஈடுகட்டும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் நிற்பது 1,280 வாட்-மணி, எடை சுமார் 12 கிலோ. ஆனால் அளவுக்கு மேல் சூடானால் அதன் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் உள்மின்சுற்று) சார்ஜை நிறுத்திவிடும். மே மாதத்தில் வண்டிக்கு வெளியே இரும்புப் பெட்டிக்குள் பேட்டரி வைத்தவர்களுக்கு மத்தியானம் சார்ஜ் ஏறாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம், உடனே பேனலைக் குறை சொல்ல வேண்டாம். பேட்டரி கேபினுக்குள் நிழலில், காற்று போகும் இடத்தில் இருக்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு நேராக வயர் இழுக்காதீர்கள். கொடுக்கக் கொடுக்கப் பேட்டரி வாங்கிக்கொண்டே இருக்கும், ஆல்டர்னேட்டர் கருகிவிடலாம். நடுவே கரண்டை அளவோடு விடும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். 6 மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் போகவர 0.4 வோல்ட்தான் இறங்கும், 6 சதுர மி.மீ. போட்டால் 1 வோல்ட் இறங்கிவிடும். வண்டி பேட்டரி, கேபின் பேட்டரி இரண்டின் பக்கத்திலும் ஃபியூஸ் வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்டால் மறுமுனையிலிருந்து வரும் கரண்ட் வயரை எரிக்கும்.

ஒழுகலுக்கு: மூட்டுகளில் சிலிகான் வேண்டாம், பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். சிலிகான் மேல் பெயிண்ட் ஒட்டாது, பிறகு வேறு எந்தச் சீலன்ட்டும் பிடிக்காது. இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு வந்தால் நடுவே பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) ஒட்டுங்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் பொடிந்துவிடும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். 5 கிலோ சிலிண்டருக்கு வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் பெட்டி, அதன் அடியில் திறந்த துளை, ஐ.எஸ்.ஐ. முத்திரை ரப்பர் ஹோஸ், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புது ஹோஸ். மூடிய கேபினுக்குள் அடுப்பு எரியவிட்டுத் தூங்கவே கூடாது.

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே கேபினைப் பாடியோடு வெல்டிங் வைக்காமல், சப்-ஃபிரேமின் மேல் நான்கு டர்ன்பக்கிளில் (முறுக்கி இறுக்கும் கொக்கி) பிணைத்து, நான்கு ஸ்க்ரூ ஜாக்கியில் இறக்கி வைக்கும்படியே செய்யச் சொல்கிறோம். அப்படிச் செய்தாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகே சாலையில் இறங்குங்கள். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. வண்டி ஓடும்போது கேபினுக்குள் ஒருவரும் உட்காரக் கூடாது, குழந்தைகளும்தான்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். முதலாவது, சங்கப் பொதுச் செலவில் நான்கு ஸ்க்ரூ ஜாக்கிகளும் நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கி உறுப்பினர்களுக்கு முறைவைத்துத் தருவது. இரண்டாவது, பட்டறை நாளில் இடம் கேட்பவர் காலி வண்டி, கேபினின் இரும்புச் சட்டம் ஏற்றிய வண்டி, முழுச் சாமானோடு வண்டி ஆகிய மூன்று நிலைகளின் எடைமேடைச் சீட்டுகளையும் செயலாளரிடம் தருவது. முதல் நிலைச் சீட்டு இல்லாதவருக்கு வெல்டிங் தொடங்கப்படாது. இரண்டையும் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்