படிக்கட்டு நகரில் ஒரு முப்போட்டி: சோங்சிங் மாநகர விளையாட்டுத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சீனாவின் யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் தங்கள் மாநகரில் பத்து நாள் தங்கி, அவற்றுள் ஆறு நாளை வழி தேடுவதிலேயே கழித்தவன் என்பதைத் தவிர, இம்மடலை எழுத எனக்கு வேறு தகுதி ஏதும் இல்லை. 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம் என்னும் ஒலிம்பிக் அளவிலான டிரையத்லான் ஒன்றைத் தாங்கள் நடத்த வேண்டும். அதையும் புறநகர் ஏரிக்கரை எதிலும் ஒளித்துவைக்காமல், நகரின் நட்டநடுவே, போக்குவரத்தை நிறுத்தாமல், ஒரு தள்ளுவண்டியைக்கூட அப்புறப்படுத்தாமல், வேலைநாள் ஒன்றின் மாலையில் நடத்த வேண்டும் என்பதே என் விண்ணப்பம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இப்போட்டியை மிங் அரசர்களின் கல்லறைகளை அடுத்த நீர்த்தேக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். வீரர்களுக்கு அது வசதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால், குறுக்கே வருவதற்கு ஆளே இல்லாத அக்கம்பக்கத்தில் ஓடுவது ஒரு பெருநகரத்துக்குப் பெருமையாகுமா என்பதைத் தாங்களே எண்ணிப்பாருங்கள்.

நீச்சலைச் சாவ்தியன்மென் படித்துறையில் தொடங்கலாம். மண்நிற யாங்சியும் பச்சைநிற ஜியாலிங்கும், ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பியைப் போல, சிறிது தொலைவு கலக்காமலே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இடம் அது. தடத்தைப் பிரித்துக்காட்ட மிதவைக் கயிறு வாங்கும் செலவு மிச்சம். ஆனால் தொடக்கக் கோட்டை எந்தப் படியில் போடுவது என்பதை முன்கூட்டியே அச்சிட்டுவிட வேண்டாம். ஆற்றோட்டத்தில் கீழே உள்ள த்ரீ கார்ஜஸ் அணையின் நீர்மட்டம் குளிர்காலத்தில் 175 மீட்டர் வரை ஏறி, வெள்ளக்காலத்துக்கு முன் 145 மீட்டருக்கு இறக்கப்படுவதால், அந்த ஏற்ற இறக்கம் தங்கள் துறைப் படிகள்வரை வந்து எட்டிப்பார்க்கிறது. 2020 ஆகஸ்டில் வெள்ளம் சாவ்தியன்மென்னையே மூழ்கடித்தது. 2022 ஆகஸ்டிலோ ஜியாலிங்கின் படுகை வெளியே தெரிய, மக்கள் அதில் இறங்கி நடந்தார்கள். அந்த ஆண்டு போட்டி நடந்திருந்தால், நீச்சல் என்று அறிவிக்கப்பட்ட பகுதியும் ஓட்டமாகவே முடிந்திருக்கும். பாரிஸில் செய்ன் நதியின் மாசு காரணமாக 2024-இல் ஆண்கள் போட்டியை ஒரு நாள் தள்ளிவைத்தவர்களுக்கு, நதியே விடுப்பில் போய்விட்டால் என்ன செய்வது என்பதைத் தாங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நீச்சலில் உள்ளூர்க்காரர்களுக்குச் சற்றுக் கூடுதல் சலுகை இருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் நீந்தும் முதியவர்கள் இடுப்பில் கயிறு கட்டி, ஆரஞ்சு நிற மிதவைப் பை ஒன்றை இழுத்துச் செல்கிறார்கள். சீனத்தில் அதன் செல்லப் பெயரை நாகரிகமாக மொழிபெயர்த்தால் ‘பின்புறக் காற்றைத் தொடரும் பூச்சி’ என்று வரும். சட்டை, செருப்பு, கைப்பேசி எல்லாம் அந்தப் பைக்குள் இருப்பதால், உலக வீரர்கள் நொடிகளை மிச்சப்படுத்தப் பாடுபடும் உடைமாற்றுக் கட்டம் இவர்களுக்குத் தேவையே இல்லை. மிதிவண்டியையும் அதற்குள் மடித்துவைக்க ஒருவர் வழி கண்டுவிட்டால் பதக்கம் அவருக்கே.

இனி மிதிவண்டி. இங்குதான் என் மனம் தளர்கிறது. மோட்டார் சைக்கிள் உற்பத்தியில் சீனாவின் தலைநகரம் என்று பெயரெடுத்த தங்கள் ஊரில், நான் கண்ட மிதிவண்டிகளைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். மலைமேல் கட்டிய ஊரில் பிறந்தவர்களுக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியாது என்று அவர்களே சிரித்துக்கொள்கிறார்கள். ஐந்து அடுக்குகளும் இருபது இணைப்புச் சாலைகளுமாக எட்டுத் திசைகளுக்குப் பிரியும் ஹுவாங்ஜுவேவான் மேம்பாலத்தைத் தடத்தில் சேர்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே ஓர் இறக்கத்தைத் தவறவிட்டால் ‘சோங்சிங் ஒருநாள் சுற்றுலா’ இலவசம் என்று கார் ஓட்டுநர்களே கேலி பேசுகிறார்கள். தலைக்கவசமும் குட்டைக் கால்சட்டையும் அணிந்த அறுபது பேர் அங்கே ஒருவர்பின் ஒருவராகத் தொலைந்து, மறுநாள் காலையில் வேறொரு மாவட்டத்தில் சிற்றுண்டிக் கடை வாசலில் கண்டெடுக்கப்படுவதை என்னால் தெளிவாகக் கற்பனை செய்ய முடிகிறது. செயற்கைக்கோள் வழிகாட்டியை நம்பலாமே என்பீர்கள். என் விடுதி 30 மீட்டர் தொலைவில் இருப்பதாக என் கைப்பேசி ஓரிரவு உறுதியாகச் சொன்னது. அது பொய் சொல்லவில்லை. விடுதி 30 மீட்டர் கீழே இருந்தது.

ஆகவே தூரத்தைக் கிடைமட்டமாக அளக்கும் வழக்கத்தை இப்போட்டிக்காகவேனும் கைவிட்டு, ஏறிய படிகளையும் கணக்கில் சேர்க்கும் விதி ஒன்றை வகுக்க வேண்டும். ஓட்டப் பகுதியில் இது இன்னும் அவசரம். ஹொங்யாதொங் கட்டடத்தில் முதல் தளத்திலிருந்து வெளியேறினாலும் தெரு, பதினோராம் தளத்திலிருந்து வெளியேறினாலும் தெரு என்னும்போது, முந்திச் செல்பவர் யார் என்று நடுவர் எந்தத் தளத்தில் நின்று தீர்ப்பளிப்பார்? 112 மீட்டர் நீளமுள்ள ‘கிரீட’ மின்படிக்கட்டில் இரண்டு யுவான் கொடுத்து ஏறுவது ஓட்டமா, ஊர்தியா? ரயில் கட்டடத்துக்குள் நுழைந்து வெளிவரும் லீசிபாவில் இன்னொரு சிக்கல்: ரயிலை விழுங்குவதுபோல் படம் எடுப்பதற்காக வாயைப் பிளந்து நிற்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட வேண்டும். மாலையில் சதுக்கங்களில் நடனமாடும் பெரியம்மாக்களை விலகச் சொல்லும் துணிவு எந்த நடுவருக்கும் இராது என்பதால், அவர்களுடைய வரிசையில் கலந்து ஒரு பாட்டு முடியும்வரை ஆடிவிட்டுச் செல்வதை விதியாகவே எழுதிவிடலாம்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். 2022-இல் பெய்பெய் மாவட்டம் 45 பாகையைத் தொட்டபோது, ஜப்பானிய விமானக் குண்டுகளுக்கு அஞ்சிப் போர்க்காலத்தில் குடைந்த சுரங்கங்களில்தான் மக்கள் தஞ்சம் புகுந்தார்கள். ஓட்டத்தின் கடைசி மூன்று கிலோமீட்டரை அவற்றின் வழியே அமைத்தால் குளிர்ச்சிக்குக் குறைவிராது. அவற்றுட் சில ஹாட்பாட் கடைகளாக மாறிவிட்டதால் உணவுக்கும் குறைவிராது. மாட்டுக்கொழுப்பும் காய்ந்த மிளகாயும் நாக்கை மரக்கச் செய்யும் சிச்சுவான் மிளகும் கொதிக்கும் அந்த ஹாட்பாட் அண்டாவில், ஏழு முறை தூக்கி எட்டு முறை அமிழ்த்தி வேகவைத்த இரைப்பைத் துண்டைத் தின்றபின் கால் வலியை எவரும் உணரப்போவதில்லை.

இத்தனையும் வேடிக்கைக்காக எழுதியதுதான். ஆனால் தெருவில் இருப்பவர்களை ஒதுக்கிவிடாதீர்கள் என்று நான் கேட்டது வேடிக்கைக்காக அன்று. ‘பதினெட்டுப் படி’ப் பகுதியின் பழைய குடியிருப்பை இடித்து, பழையதைப் போலவே புதிதாகக் கட்டி, 2021-இல் சுற்றுலாத் தெருவாகத் திறந்தீர்கள். அழகாகத்தான் இருக்கிறது, நானும் படம் எடுத்தேன். ஆனால் மூங்கில் கழியின் இருமுனையிலும் மூட்டைகளைக் கட்டித் தோளில் சுமந்து படியேறும் ‘பாங்பாங்’ தொழிலாளர் ஒருவரை நான் கண்டது அங்கே அல்ல, சாவ்தியன்மென் மொத்தச் சந்தைக்குப் பின்புறத்தில். அறுபதைக் கடந்த அவர், வெறுங்கையோடு ஏறிய என்னைத் துணிமூட்டைகளோடு முந்திச் சென்று, மேலே நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, நான் வந்து சேரும்போது அதில் பாதியை முடித்திருந்தார். அவருடைய தொழிலில் இளைஞர் எவரும் சேர்வதாகத் தெரியவில்லை. போட்டி நாளில் அவரைப் பாதுகாப்பு வேலிக்கு அப்பால் நிறுத்தாமல், நெஞ்சில் ஓர் எண்ணை ஒட்டி, வழக்கமான கூலியையும் கொடுத்து, தொடக்கக் கோட்டில் நிறுத்துங்கள். மூட்டையை இறக்கிவைக்கச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும்.

நானும் கலந்துகொள்ள விரும்புகிறேன். பதிவு மேசை எந்தத் தெருவில் என்பதோடு எத்தனையாவது தளத்தில் என்பதையும், அந்தத் தளத்தை எந்தத் தெருவிலிருந்து எண்ண வேண்டும் என்பதையும் அறிவிப்பில் குறிப்பிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
22-ஆம் மாடியைத் தரைத்தளம் என்று நம்பி இறங்கிய ஒரு பயணி