தம்பி, அந்த 0.17ஐ ரவுண்ட் பண்ணிடாத

தம்பிக்கு,

ஹைட்ரஜனோட சிவப்பு கோட்டுக்கு நீ அனுப்புன அலைநீளக் கணக்குல தப்பே இல்லடா. ஹைட்ரஜன் அணுவுல ரெண்டாவது ஆற்றல் மட்டம் மைனஸ் 3.40 எலக்ட்ரான் வோல்ட், மூணாவது மைனஸ் 1.51, எலக்ட்ரான் மேலேருந்து கீழ இறங்குறப்ப அந்த 1.89 வித்தியாசம் சிவப்பு வெளிச்சமா வெளிய வருது, மட்டங்கள்லேருந்து அலைநீளத்தக் கணக்குப் போட உதவுற ரிட்பெர்க் மாறிலிய மீட்டருக்கு 10973731.6னு முழுசா போட்டு 656.11 நானோமீட்டர் கொண்டு வந்திருக்க. டேபிள்ல 656.28 இருக்கு, 0.17 தானே விட்டுடலாமான்னு கேட்டிருக்க.

விடாத. 1885ல பாமர்ங்குறவர் ஹைட்ரஜன் கோடுகளோட அலைநீளத்துக்குத் தன்னோட சூத்திரத்த எழுதுறப்பவே அவர் கையில இருந்த அளவு 656.21, நம்ம கணக்கு அதவிட தள்ளி நிக்குது, அப்போ தப்பு கருவியில இல்ல, நாம போட்ட மாறிலியில இருக்கு. அந்த எண் அணுவோட நடுவுல இருக்குற கருவுக்கு முடிவில்லாத எடை, அது அசையவே அசையாதுன்னு வச்சு வந்தது. ஹைட்ரஜன்ல கருன்னா வெறும் ஒரு புரோட்டான், எலக்ட்ரானவிட 1836 மடங்கு தான் எடை, அதுவும் லேசா ஆடும். மாறிலிய 1 + 1/1836 ஆல வகுத்துப் பாரு, 10967758 வரும், கோடு 656.47க்குப் போயிடும்.

என்னக்கா இப்ப அந்தப் பக்கம் தாண்டிடுச்சேன்னு கேப்ப. இது வெற்றிடத்துல வர்ற அலைநீளம், உன் டேபிள் காத்துல அளந்தது. காத்தோட ஒளிவிலகல் எண் 1.00028, அதால வகுத்தா 656.29. கடைசியா மிஞ்சுற 0.01 கூட சும்மா இல்ல, சார்பியலும் எலக்ட்ரானோட ஸ்பின்னும் (தன்னைத்தானே சுத்துற மாதிரியான ஒரு குணம்) சேர்ந்து பண்ற வேலை அது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அமெரிக்க வேதியியலாளர் யூரேயோட வேலை. ரெண்டு மடங்கு எடையுள்ள ஹைட்ரஜன் இருந்தா கரு இன்னும் கம்மியா ஆடும், 1836க்கு பதிலா 3670 போடணும், அப்ப சிவப்பு கோடு 0.18 நானோமீட்டர் குறைஞ்ச பக்கம் விழணும். ஆனா சாதாரண ஹைட்ரஜன்ல அது ரொம்ப ரொம்ப கம்மி. அதனால யூரேயோட சேர்ந்து வேலை பாத்த பிரிக்வெட் திரவ ஹைட்ரஜன ஆவியாக விட்டு, கனமானது கொஞ்சம் கூடுதலா தங்குன மிச்சத்த அனுப்பினார், 1931ல யூரேயும் மர்ஃபியும் அதுல தேடுனா பாமர் கோடுங்க பக்கத்துல கணக்கு சொன்ன அதே இடத்துல மங்கலா கோடு! அந்த கனமான ஹைட்ரஜன், அதாவது டியூட்டீரியம், அப்படித்தான் கிடைச்சுது, அதோட கருவுல புரோட்டானோட சேர்ந்திருக்குற நியூட்ரான்னு ஒண்ணு இருக்குறதே அடுத்த வருஷம் தான் தெரிய வந்துச்சு. 1934ல யூரேக்கு நோபல். நீ ரவுண்ட் பண்ணப் பாத்த அளவு இருக்கே, கிட்டத்தட்ட அதே அளவுதான் இது.

இப்ப நாலாவது மட்டத்துலேருந்து ரெண்டாவதுக்கு வர்ற 486 கோட்ட ரெண்டு ஹைட்ரஜனுக்கும் தனித்தனியா போட்டு அனுப்பு, இடைவெளி 0.13 வரணும்.

அக்கா