சீன ஆய்வாளரின் டெனியூர் கோப்பைப் படிப்பவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறைகளில் டெனியூரை, அதாவது நிரந்தரப் பணியை, முடிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். சீனப் பொருளாதாரக் கொள்கையை ஆராயும் உதவிப் பேராசிரியரின் கட்டுரைகளை எண்ணி, அமெரிக்கத் தேர்தலை ஆராய்பவரின் எண்ணிக்கையோடு ஒப்பிடாதீர்கள். அவருக்குத் தரவு ஆயத்தமாகக் கிடைக்கிறது. இவர் முதலில் தரவையே உண்டாக்கியாக வேண்டும்.

சீன அரசியல் பொருளாதார ஆய்வாளர் விக்டர் ஷீயின் வேலையைப் பாருங்கள். நேரடியாகக் கடன் வாங்கச் சட்டம் இடம் தராததால், சீன உள்ளாட்சிகள் தனி நிறுவனங்களைத் தொடங்கி அவற்றின் பெயரில் வாங்கின. அப்போது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஷீ, சிதறிக் கிடந்த கணக்குகளைக் கூட்டி, 2009 இறுதியில் அந்தக் கடன் சுமார் 11.4 லட்சம் கோடி யுவான் என்றார். 2010 இறுதி நிலவரமாகச் சீனத் தணிக்கை அலுவலகம் பிறகு அறிவித்தது 10.7 லட்சம் கோடி. வரையறை வேறு, ஆண்டு வேறு. ஆனாலும் கடனின் பருமன் அவர் சொன்னதுதான்.

வளர்ச்சி காட்டும் அதிகாரிக்கே பதவி உயர்வு என்ற நம்பிக்கைக்குச் சான்றில்லை என்று 2012இல் ஷீயும் வேறு இருவரும் எழுதினார்கள். அதன் அடித்தளம், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்த ஆண்டு எங்கே, யாரோடு பணியாற்றினார் என்று பதிந்த தரவுத்தொகுப்பு. உங்கள் மதிப்பீட்டிலோ கட்டுரைக்கு மட்டுமே எடை.

சீன எண்களை அப்படியே எடுத்தாளவும் முடியாது. மாகாணங்களின் மொத்த உற்பத்தியைக் கூட்டினால் பல ஆண்டுகள் தேசியக் கணக்கைத் தாண்டியது. 2011 முதல் 2014 வரை வருவாய்க் கணக்கைப் புனைந்ததாக லியாவ்னிங் மாகாணமே 2017இல் ஒப்புக்கொண்டது. ஒரு அட்டவணையில் அலகு பத்தாயிரம் யுவான், அடுத்ததில் பத்துக் கோடி யுவான். கவனிக்காமல் சேர்த்தால் பதினாயிரம் மடங்கு பிழை. சரிபார்ப்புக்கே மாதங்கள் போகும்.

கதவுகளும் சாத்தப்படுகின்றன, இரு பக்கமும். 2020இல் சீனாவுக்கான ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்றத் திட்டத்தை அமெரிக்காவே நிறுத்தியது. 2023 ஏப்ரலில் சிஎன்கேஐ என்ற சீன ஆய்வுத் தரவுத்தளம் வெளிநாட்டாருக்குப் புள்ளிவிவர ஆண்டுநூல்களையும் ஆய்வேடுகளையும் கட்டுப்படுத்தியது. பாதி வேலையில் இருந்தவருக்கு டெனியூருக்கான ஆறாண்டுக் கெடுவை ஓராண்டாவது நீட்டியிருக்கிறீர்களா?

எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தோடு வெளியிட்ட தரவுத்தொகுப்பைத் தனிப் படைப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். வெளி மதிப்பீட்டாளர்களில் இருவராவது சீன மொழி படிப்பவர்களாக இருக்கட்டும். பேட்டி கொடுத்த அதிகாரியின் கையெழுத்தை எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள். கையெழுத்திட்ட தாள் எல்லைச் சோதனையில் பிடிபட்டால் வேலை போவது அவருக்கு.

இப்படிக்கு,
சீன அரசியல் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர்