பேரவைப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது தேவையில்லாததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பேருந்தில் 31 வருடம் நடத்துநராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் திருமங்கலம், பெரியார் நிலையம் தடத்திலேயே போனது. என் இளைய மகள் மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சுயநிதிப் பிரிவு, இரண்டாவது ஷிஃப்ட். கல்லூரியின் பெயரை நான் எழுதவில்லை, என் பெயரையும் நீங்கள் போட வேண்டாம். அவள் இனிமேல்தான் தேர்வு எழுதி, மாற்றுச் சான்றிதழ் வாங்கி வெளியே வரவேண்டும்.

இந்த வருடம் மாணவர் பேரவைத் தலைவர் பதவிக்கு அவள் மனு கொடுத்தாள். பிள்ளைகள் அதை சேர்மன் எலெக்‌ஷன் என்பார்கள். ஜெயித்தால் என்ன செய்வோம் என்று ஒரு பக்கம் எழுதி மனுவோடு சேர்த்துக் கொடுப்பது அந்தக் கல்லூரியில் வழக்கம். அந்த ஒரு பக்கத்துக்கு அவள் மூன்று ராத்திரி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

முதல் நாள், கேன்டீனில் சாப்பாட்டு விலையைக் குறைப்பேன் என்று எழுதியிருந்தாள். மறுநாள் அதை அடித்துவிட்டாள். ஏன் தாயி என்று கேட்டேன். "கேன்டீன் கான்ட்ராக்ட் பேரவை கையில இல்லப்பா. முடியாததை எழுதினா ஓட்டுக்காக எழுதின மாதிரி ஆயிரும்" என்றாள். வைஃபையும் அப்படியே போனது. கடைசியில் மிஞ்சியது மூன்றே விஷயம்.

ஒன்று, நூலகம். இரண்டாவது ஷிஃப்ட் மதியம் ஒன்றரைக்குத் தொடங்கி மாலை ஐந்தே முக்காலுக்கு முடிகிறது. நூலகத்தை நான்கு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். காலை ஷிஃப்ட் பிள்ளைகளைவிட அதிகக் கட்டணம் கட்டுகிற பிள்ளைகள், வகுப்பு முடிந்து போனால் பூட்டைத்தான் பார்க்க வேண்டும். சீக்கிரமே வந்து படிக்கலாமே என்பார்கள். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். முதல் பீரியடுக்கே ஓட்டமும் நடையுமாகத்தான் வந்து சேர்வார்கள். வாரத்தில் மூன்று நாளாவது ஆறரை மணி வரை திறந்து வைக்கச் சொல்லிக் கேட்பேன் என்று எழுதினாள்.

இரண்டாவது, பெண்கள் கழிப்பறை. இதை ஒரு தகப்பன் பத்திரிகைக்கு எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். இரண்டாவது ஷிஃப்ட் நடக்கிற கட்டடத்தில் பதினொரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துணைக்கு ஆள் கிடைக்காத நாளில் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். இதை மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவள் வீட்டில் சொன்னதில்லை. அந்தத் தாளைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அவளே திருமங்கலத்தில் இரும்புக் கடைக்குப் போய் விலை விசாரித்து வந்திருந்தாள். ஒரு தாழ்ப்பாள் 85 ரூபாய், பதினொன்றுக்கு 935. மாட்டுகிற ஆசாரிக்குக் கூலி 700. ஆக 1,635 ரூபாய் என்று கூட்டி எழுதியிருந்தாள்.

மூன்றாவதுதான் பிரச்சினை ஆனது. வருடா வருடம் கட்டண ரசீதில் பேரவைக் கட்டணம் என்று 150 ரூபாய் போடுகிறார்கள். அது எங்கே போகிறது, எவ்வளவு மிச்சம் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. பருவத்துக்கு ஒரு முறை அந்த வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வைப்பேன் என்று எழுதினாள். படிப்பது வணிகவியல், எழுதாமல் இருப்பாளா?

அந்தத் தாள் திரும்பி வந்தபோது மூன்றாவது விஷயத்தின் மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் 'தேவையில்லாதது' என்று ஒரு வார்த்தை. இதை எடுத்துவிட்டு, ஆண்டு விழாவைச் சிறப்பாக நடத்துவேன் என்று எழுதி வா என்று சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு விழாவையும் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் இதை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து ஒட்டிய வேட்பாளர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. காரணம் கேட்டால் கமிட்டி முடிவு என்ற ஒரே பதில்தான். எழுத்தில் எதுவும் தரவில்லை.

ஐயா, கணக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். டிப்போவில் ராத்திரி பத்து மணிக்கு வண்டியை விட்டால் வீட்டுக்கு ஓடிவிட முடியாது. டிக்கெட் விற்ற கணக்கை எழுதுகிற வே பில்லும் பையில் இருக்கிற பணமும் ஒத்துப்போக வேண்டும். ஐந்து ரூபாய் குறைந்தால் என் கையிலிருந்து போட்டுத்தான் கட்டுவேன். நடுவழியில் செக்கர் ஏறினால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துக் காட்ட வேண்டும். என்னைத் திருடன் என்று நினைத்தா கேட்டார்கள்? ஜனங்களின் பணம், அதனால் கேட்டார்கள். இருபது வயதுப் பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால் அது எப்படித் தேவையில்லாதது ஆகும்?

நிர்வாகத்தின் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. 1983இல் நான் மதுரையில் கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் நான் வகுப்புக்கு ரெப், அதாவது பிரதிநிதி. சேர்மன் தேர்தலுக்கு முன்னால் ஒரு வேட்பாளர் எங்களையெல்லாம் வேனில் ஏற்றிக் குற்றாலத்தில் மூன்று நாள் வைத்திருந்தார். புரோட்டாவும் அருவிக் குளியலுமாகப் போனது. ஓட்டுப் போடுகிற அன்று காலையில்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். அவருக்கே போட்டேன். அவர் என்ன செய்வதாகச் சொன்னார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அந்தத் தேர்தல் முடிந்த அன்றே கல்லெறி நடந்து ஒரு பையனுக்கு மண்டை உடைந்தது. அந்த ஓட்டை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் மகளின் காகிதத்தை அத்தனை கவனமாகப் படித்தேன்.

இப்படிப்பட்ட கூத்துகளை நிறுத்தத்தான் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் பரிந்துரைகளை 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதை மட்டும் குறித்த இடத்தில் ஒட்டலாம். 75 சதவீத வருகை வேண்டும், அரியர் இருக்கக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். சூழ்நிலை சரியில்லாத கல்லூரிகள் தற்காலிகமாக நியமன முறையில் பிரதிநிதிகளைப் போடலாம், ஆனால் ஐந்து வருடத்துக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வேட்பாளரிடம் கணக்குக் கேட்கிற நாட்டில், வேட்பாளர் கணக்குக் கேட்டால் மட்டும் சிவப்புக் கோடு போடுகிறார்கள்.

நான் பிறந்த வருடம் 1965. அந்த ஜனவரி 25ஆம் தேதி இந்தித் திணிப்பை எதிர்த்து மதுரைத் தெருக்களில் இறங்கிய மாணவர்களைப் பற்றி என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டே வருடத்தில் கோட்டையில் ஆட்சி மாறியது. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் ஆண்டு விழாவைப் பற்றி மட்டும் எழுது என்று சொல்வது எனக்குத் தாங்கவில்லை. 18 வயதில் சட்டமன்றத்துக்கே ஓட்டுப் போடுகிறார்கள். சொந்த வகுப்பறைக் கட்டடத்துக் கழிப்பறையைப் பற்றிப் பேச அவர்களுக்கு வயது போதாதா?

என் மகளுக்குப் பதவி வாங்கித் தர இதை எழுதவில்லை. தேர்தல் முடிந்துவிட்டது. ஜெயித்த பையன் நல்ல பையன் என்றுதான் அவளும் சொல்கிறாள். மதுரையில் உள்ள கல்லூரி நிர்வாகங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வேட்பாளர்கள் எழுதிக் கொடுப்பதை எழுதியபடியே போர்டில் ஒட்டுங்கள், சரியா தவறா என்று பிள்ளைகள் முடிவு செய்யட்டும். ஒரு மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பேரவைக் கட்டணத்துக்குக் கணக்குக் காட்டுங்கள். தாழ்ப்பாளுக்குத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே ஓர் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

அந்தத் தாள், சிவப்புக் கோட்டோடு, எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேரையூரிலிருந்து ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். அதே கட்டடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். அடுத்த வருடம் மனு கொடுக்கப் போகிறாளாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் மூன்று நகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
திருமங்கலம்.