குகையில் கை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வரும் பள்ளி விடுமுறைக்குச் சரவாக் போக நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் மகன் குடும்பத்தோடு முலு தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தேன். எனக்கு வயது 68, முழங்கால் வலியும் உண்டு. மிரியிலிருந்து சிறிய விமானம், அதன்பின் மான் குகை வரை காட்டுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் பலகைப் பாதை. மெதுவாக நடந்தால் என்னைப் போன்றவர்களாலும் முடியும்.

பத்துமலைக் குகையைவிடப் பெரிதாக ஒன்று இருக்க முடியாது என்று நினைத்து வளர்ந்தவள் நான். மான் குகை வாயிலில் வௌவால் எச்சத்தின் நெடிதான் முதலில் எட்டியது. இருட்டுக்குக் கண் பழகிய பிறகே கூரை எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். அங்கே 20 முதல் 30 இலட்சம் வௌவால்கள் வாழ்கின்றன. முதல் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டதால் அவை வெளியே வரவில்லை. மறுநாள் வந்தன: கரும்புகைபோலத் திரண்டு, சுருண்டு நெளிந்து, காட்டின்மேல் போய்க்கொண்டே இருந்தன. பேத்தி வாய் திறக்கவில்லை.

நான் சொல்ல வந்தது பக்கத்திலுள்ள லாங் குகையில் நடந்தது. அது சிறியது, சுண்ணாம்புத் தொங்கல்களும் தூண்களும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. எங்களுக்கு முன்னால் போன ஒருவர் படம் எடுப்பதற்காக ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழிகாட்டி கோபப்படவில்லை. "ஜாங்கான் பெகாங், பாக்" (பிடிக்காதீர்கள், ஐயா) என்று மலாயில் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, டார்ச் விளக்கைத் தூணின்மேல் அடித்துக் காட்டினார். தூண் முழுவதும் பால் வெள்ளை. இடுப்பு உயரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறி, எண்ணெய் தடவியதுபோல் வழவழத்துக் கிடந்தது.

மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு பாறையைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது அந்த வாயு பிரிந்துபோக, மயிரிழைக்கும் குறைவான சுண்ணாம்பு அங்கே படிகிறது. அப்படிச் சொட்டுச் சொட்டாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த தூண் அது. நம் விரலின் பிசுக்கு ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது, அழுக்குதான் படியும். தேய்த்துக் கழுவிப் பழையபடி ஆக்கவும் முடியாது.

நான் தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் வேலை செய்தவள். எத்தனையோ முறை மாணவர்களைப் பத்துமலைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அதுவும் சுண்ணாம்புக் குகைதான். அங்கும் தலைமேல் நீர் சொட்டும். வரிசையாக நில்லுங்கள், குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்றெல்லாம் சொன்ன நான், பாறையைத் தொடாதீர்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. அந்தப் பழுப்புத் தழும்பைப் பார்த்த இரவு அறையில் தூக்கம் வரவில்லை.

முலு 2000-ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடம். வெளிநாட்டார் கடல் கடந்து வந்து பார்க்கிறார்கள்; நம்மவர்கள் சிலரைத்தான் அங்கே கண்டேன். கட்டாயம் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஆனால் விமானம் ஏறுமுன்பே அவர்களிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

விடுமுறை தொடங்குமுன் உங்கள் மாணவர் பக்கத்தில் இதை நாலு வரியில் கட்டம் கட்டிப் போட முடியுமா, ஐயா? படம் வேண்டுமானால் மகன் எடுத்தது இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.