மைத்ரி தியானக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரிப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் நமோ புத்தாய, ஜெய்பீம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அண்ணல் அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14, புத்தர் பிறந்த வைசாகப் பௌர்ணமி, அயோத்திதாசப் பண்டிதர் பிறந்த மே 20, அண்ணல் பௌத்தம் தழுவிய தம்ம தீட்சை நாளான அக்டோபர் 14, அண்ணல் மறைந்த டிசம்பர் 6 ஆகிய நாட்களின் நிகழ்ச்சிகள் வழக்கம்போல நடந்தன. வைசாகத்தன்று பாயசம் பாதியிலேயே தீர்ந்துபோனதைத் தவிர அவற்றில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சென்ற பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலை வேறு. "மைத்ரி தியானத்தை ஆர்வமாக ஆரம்பிக்கிறோம், மூணாவது வாரம் விட்டுவிடுகிறோம், இது நிலைக்க வழி பாருங்கள்" என்றீர்கள். மைத்ரி தியானம் என்பது, தானும் பிறரும் நலமாக இருக்க வேண்டும் என்ற அன்பை மனத்தில் வளர்க்கும் பயிற்சி. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

செயற்குழு முதலில் கை வைத்தது நேரத்தில். முன்பு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காருவோம். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேருக்குக் கால் மரத்துப்போகும், அடுத்த ஞாயிறு இரு தரப்பும் வராது. இப்போது தினமும் வீட்டில் பத்து நிமிடம், ஞாயிறு மாலை எல்லாரும் சேர்ந்து அரை மணி நேரம் என்று மாற்றியிருக்கிறோம். "பத்து நிமிடத்தில் என்ன தியானம்?" என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்குச் சங்யுத்த நிகாயம் என்ற பாலி மொழித் தொகுப்பில் வரும் ஒக்கா சுத்தம் என்ற புத்தர் உரையை வாசித்துக் காட்டினோம். காலையில் நூறு பானை, நண்பகலில் நூறு பானை, மாலையில் நூறு பானை என்று சோறு தானம் செய்வதைவிட, அந்த மூன்று வேளையும் பசுவின் மடியை ஒருமுறை இழுக்கும் நேரமாவது மைத்ரி சிந்தையை வளர்ப்பது அதிகப் பயன் தரும் என்கிறார் பகவான் புத்தர். மடியை ஒருமுறை இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதோடு ஒப்பிட்டால் நம் பத்து நிமிடம் தாராளம்.

எப்போது உட்காருவது என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டோம். பல் தேய்த்த பிறகு, போனைக் கையில் எடுப்பதற்கு முன் என்று வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் நன்றாக நிலைத்திருக்கிறது. "ராத்திரி எல்லா வேலையும் முடிந்த பிறகு" என்றவர்களுக்கு நிலைக்கவில்லை, ஏனென்றால் எல்லா வேலையும் முடிவதே இல்லை. இரண்டு பேர் 29சி பஸ்ஸில் நின்றுகொண்டே செய்கிறார்கள். அதில் குறை எதுவும் இல்லை. நின்றாலும் நடந்தாலும் அமர்ந்தாலும் படுத்தாலும், தூக்கம் வராதவரை இந்த நினைவிலேயே நிலைத்திரு என்றுதான் மைத்ரியைப் பற்றிய புத்தர் உரையான கரணீய மெத்த சுத்தமும் சொல்கிறது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இருபது நிமிடமாக ஈடுகட்ட வேண்டாம் என்பது மட்டும் கண்டிப்பான விதி. கடன் பாக்கிபோல மனத்தில் ஏறினால் ஆள் அப்புறம் வரமாட்டார்.

வாட்ஸ்அப் குழுவை மூடியதற்கு விளக்கம் கேட்டிருந்தீர்கள். தியானம் முடித்தவுடன் "முடிந்தது" என்று பதிவிடலாம் என்றுதான் தொடங்கினோம். ஒருவர் பதிவிட, இருபது பேர் கைகூப்ப, அதற்கு அவர் தாமரைப் படம் அனுப்ப, காலை எட்டு மணிக்குள் போன் சூடாகிவிடும். பதிவிடாதவர்கள் கூச்சப்பட்டுக் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிட்டார்கள். இப்போது இருவர் இருவராக ஜோடி சேர்த்திருக்கிறோம். சனிக்கிழமை ஒருவருக்கொருவர் போனில் ஐந்து நிமிடம் பேசினால் போதும். ஆரவாரம் இல்லாத இந்த ஏற்பாடுதான் வேலை செய்கிறது.

இனி, தியானத்தை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது. பழைய பௌத்த உரையாசிரியர் புத்தகோசரின் தியான நூலான விசுத்திமக்கம் ஒன்பதாம் அத்தியாயத்தில் சொல்லும் வரிசையையே எடுத்துக்கொண்டோம். அவர் அதை எழுதியது இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் என்றாலும், காஞ்சிபுரத்தில் ஜோதிபாலத் தேரர் என்ற மூத்த பிக்குவோடு தங்கியிருந்ததை, அங்குத்தர நிகாயத்துக்கு எழுதிய உரையின் முடிவில் அவரே குறிப்பிடுகிறார். நமக்கு அப்படியொன்றும் தூரத்து நூல் இல்லை. முதலில் தனக்கு, பிறகு மதிப்புக்குரிய ஒருவருக்கு, பிறகு மிக நெருங்கியவருக்கு, அதற்குப் பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவருக்கு, கடைசியில் பகைவருக்கு. "பகையின்றி இருப்பேனாக, துன்பமின்றி இருப்பேனாக, கவலையின்றி இருப்பேனாக, சுகமாய் வாழ்வேனாக" என்று தொடங்கி, ஆளுக்கு ஏற்ப மாற்றிச் சொல்லிக்கொண்டே போகிறோம்.

முதல் படியிலேயே ஒரு தடங்கல். ஓட்டேரியிலிருந்து வரும் அம்மா ஒருவர் கண்ணைத் திறந்துவிட்டார். "எனக்கே நான் நல்லது கேட்டுக்கிறதா? வெக்கமா இருக்கு. எம் புள்ளைங்களுக்கு வேணா சொல்றேன்" என்றார். அவரைப் போலவே பலரும் தயங்கினார்கள், குறிப்பாகப் பெண்கள். அன்று மல்லிகை அரசியின் கதையைச் சொன்னோம். கோசல நாட்டு அரசன் பசேனதி, "உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா?" என்று அவளிடம் கேட்கிறான். தன் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளோ, "இல்லை, உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்கிறாள். யோசித்துப் பார்த்தால் அவனுக்கும் இல்லை. இதைக் கேட்ட பகவான் மல்லிகையைக் கண்டிக்கவில்லை. எல்லாத் திசையிலும் தேடினாலும் தன்னைவிடப் பிரியமானவரை யாரும் காணமுடியாது, மற்றவர்களுக்கும் அப்படித்தான், ஆகவே தன்னை நேசிப்பவர் பிறரைத் துன்புறுத்தக் கூடாது என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு, "அப்ப ராணியே சொல்லிட்டா" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இந்த வருடம் அநேகமாக ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தவர் அவர்தான்.

இரண்டாம் படியில் சிலர் காலமான தாய் தகப்பனை நினைத்தார்கள். இறந்தவரை வைத்து இந்தத் தியானம் கைகூடாது என்பது நூலின் கண்டிப்பு. ஓர் இளம் பிக்கு தன் ஆசானை நினைத்து எவ்வளவு முயன்றும் மனம் ஒன்றாமல் மூத்த தேரரிடம் போய் முறையிட்ட பிறகுதான், அந்த ஆசான் இறந்துபோனது தெரியவந்ததாம். இதைச் சொன்னபோது ஒருவருக்குக் கண் கலங்கியது. இறந்தவர்களுக்குப் புண்ணியத்தைப் பகிரும் அனுமோதனையைப் பௌர்ணமி அன்று தனியாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம், அதற்கு இப்போது நல்ல கூட்டம். பேரன் பேத்தியை நினைத்தவுடன் நெஞ்சு உருகுகிறதே, அவர்களிடமிருந்தே தொடங்கினால் என்ன என்ற கேள்வியும் வந்தது. பற்று மைத்ரியின் அண்டைவீட்டுப் பகைவன் என்கிறார் புத்தகோசர். அதனால் அவர்களுக்கு மூன்றாம் இடம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காம் படி. தினமும் பார்க்கிற, ஆனால் எந்த எண்ணமும் இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அயனாவரம் உறுப்பினர் ஒருவர் தெருமுனையில் இஸ்திரி போடுபவரை எடுத்துக்கொண்டார். சில வாரம் கழித்து, சட்டை கொடுக்கும்போது அவருடைய இடது கையில் தழும்பு இருப்பதைக் கவனித்திருக்கிறார். பிறகு பெயரைக் கேட்டார். பிறகு கரி விலை, சின்ன மகளின் பன்னிரண்டாம் வகுப்பு என்று பேச்சு வளர்ந்தது. ஒரு ஞாயிறு வந்து, "செயலாளரே, இவர் இப்போ பழக்கமாயிட்டார், நடுநிலைக்கு வேற ஆளைப் பார்க்கணும்" என்றார். சட்டை கொடுப்பது இஸ்திரிக்காரரிடமே தொடர, புதிய ஆளாக ஏடிஎம் காவலாளியைப் பிடித்திருக்கிறார். அவரும் அதிக நாள் தாங்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் படிதான் இந்த ஆண்டின் பெரிய விவாதம். இளைஞர் ஒருவர் நேராகவே கேட்டார்: "எங்க ஊர்ல எங்க தெருவுக்குள்ள தேர் வராது. அதைத் தடுக்கிற ஆளுக்கு 'சுகமாய் வாழ்க'ன்னு நான் சொல்லணுமா? இது நம்மைச் சாந்தப்படுத்தி உட்கார வைக்கிற வேலை இல்லையா?" மூன்று ஞாயிறு இதிலேயே போனது, போகட்டும் என்று விட்டோம். 1954 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியில் பேசியபோது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, என் ஆசான் புத்தரின் போதனையிலிருந்தே பெற்றேன் என்று அண்ணல் சொன்னார். மற்ற இரண்டும் மறுக்கப்படாமல் காப்பது சகோதரத்துவமே என்று அதற்கு மிக உயர்ந்த இடமும் கொடுத்தார். மைத்ரியை விடாமல் பேசிய அவர் வழக்கையும் போராட்டத்தையும் ஒருநாளும் விட்டதில்லை. பகைவர் பகையின்றி இருக்கட்டும் என்று நினைப்பதும் அவர்மீது மனு கொடுப்பதும் ஒரே காலையில் செய்யக்கூடியவை என்பது என் கருத்து. அந்த இளைஞர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு படியும் எங்களோடு உட்கார்ந்துவிட்டு, ஐந்தாவது தொடங்கும்போது எழுந்து வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அது அவர் உரிமை, அதை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

இன்னொருவருக்குப் பகை வீட்டுக்குள்ளேயே. பொதுச்சுவர் விஷயத்தில் அண்ணனோடு பேச்சு நின்று பல வருடம். கோபம் தணிய விசுத்திமக்கம் வரிசையாக உபாயம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பொருளைக் கொடுத்துப் பார் என்கிறது. சித்தலபப்பத விகாரையில் மூன்று முறை தன்னை இடத்தைவிட்டு எழுப்பிய தேரருக்கு, தாய் கொடுத்த எட்டுக் கஹாபண நாணயம் மதிப்புள்ள பாத்திரத்தையே ஒருவர் தந்த கதை அங்கே வருகிறது. நம்மவர் பங்கனப்பள்ளி மாம்பழம் ஒரு பெட்டி கொண்டுபோனார். அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு நாள் கழித்துக் காலிப் பெட்டி மட்டும் கேட்டுக்கு வெளியே இருந்தது. "எனக்குக் கொஞ்சம் லேசாயிருக்கு, அவருக்கு எப்படியோ தெரியாது" என்றார். இதற்குமேல் நானும் எதையும் சேர்க்கவில்லை.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்று ஆண்டின் நடுவில் ஒரு படிவம் அச்சிடும் யோசனை வந்தது, கைவிட்டோம். புத்தர் உரைகளின் இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் வேதேகிகா என்றொரு சாவத்தி நகரத்துப் பெண் வருகிறாள். சாந்தமானவள் என்று ஊரே புகழும். பணிப்பெண் காளிக்கு ஒரு சந்தேகம்: நாம் வேலையைச் சரியாகச் செய்வதால்தானே அம்மாவுக்குக் கோபம் வரவில்லை? வேண்டுமென்றே தாமதமாக எழுந்தாள். முதலில் முகம் சுளித்த வேதேகிகா, பிறகு திட்டினாள், கடைசியில் கதவின் தாழ்க்கட்டையால் மண்டையை உடைத்தாள். நம் ஹாலில் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எல்லாருமே சாந்த சொரூபிகள்தான். திங்கட்கிழமை வீட்டு வேலைக்கு வருபவர் அரை மணி நேரம் தாமதித்தால் என்ன செய்தோம் என்பதைச் சனிக்கிழமை போனில் ஜோடியிடம் சொன்னால் போதும், படிவம் தேவையில்லை.

மற்றவை சுருக்கமாக. கொசு வலை அடித்தாகிவிட்டது. மின்விசிறிச் சத்தம் அப்படியே இருக்கிறது, புதிதாக மாற்ற நன்கொடை வந்தால் மகிழ்ச்சி. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்ற ஞாயிறுகளில் அவரவர் வீட்டிலேயே அதே நேரத்தில் உட்கார்ந்தோம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் மாதம் தனக்கு, மதிப்புக்குரியவருக்கு என்ற இரண்டு படி மட்டும் கற்றுத்தருவது என்றும், ஐந்தாம் படியை யாருக்கும் கட்டாயமாக்குவதில்லை என்றும் செயற்குழு தீர்மானித்துள்ளது. ஹால் சாவி இனி இரண்டு பேரிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை பெருக்கித் துடைக்கும் முறைக்கு இன்னும் மூன்று பெயர் வேண்டும், கூட்டம் முடிந்ததும் என்னிடம் எழுதிக் கொடுக்கவும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்